கிறிஸ்துமஸ் ஆராதனை: ஆறரைக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்றா?

சிப்புட்_கொயர் எழுதியது:

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சபை சின்னது. ஞாயிற்றுக்கிழமை எழுபது பேர் வந்துவிட்டால் பாஸ்டர் முகம் மலர்ந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு மட்டும் பினாங்கு, ஷா ஆலாம், ஜொகூர், சிங்கப்பூர் என்று பிழைக்கப் போனவர்கள் பிள்ளைகுட்டிகளோடு ஊர் திரும்புவார்கள். அன்றைக்கு இருநூறு பேர். நாற்காலி வாடகைக்கு எடுப்போம், வாசலில் கூடாரம் போடுவோம். மாதர் சங்கம் மீகூன் கிளறும்.

பதினாறு வருடமாகக் கொயரைப் பார்த்துக்கொள்கிறேன். பகலில் செம்பனை ஆலை அலுவலகத்தில் கிராணி வேலை. அப்பாவுக்கு 79 வயது. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியே எங்கள் நாலு பேரையும் வளர்த்தவர். ஆர்மோனியம் வாசிப்பார். யாரிடமும் முறையாகப் படிக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தோட்டத்துக்குச் சைக்கிளில் வரும் உபதேசியார் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்து பாடுவாராம். அதைக் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டது. மகனுக்கு 19. பாலிடெக்னிக் மாணவன், சபையில் டிரம்ஸ் அடிக்கிறான்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டிசம்பர் 24 இரவு நிகழ்ச்சிக்குக் கூட்டம் போட்டோம். பெரியவர்களுக்கு வழக்கம்போல ஐந்து கீர்த்தனை வேண்டும். வாலிபர்களுக்கு அரை மணி நேரம் விடாமல் ஆங்கிலமும் மலாயும் வேண்டும், பேண்டோடு. கூடவே புகை மிஷின் ஒன்று வாடகைக்கு. "பாலனுக்கு மூச்சு முட்டாதா?" என்று ஒரு பாட்டி கேட்டார். சிரிப்பு அதோடு சரி. அப்புறம் குரல் உயர்ந்தது. கடைசியில் பொருளாளர் ஒரு யோசனை சொன்னார்: இரண்டு ஆராதனை வைத்துவிடலாம், ஆறரைக்குப் பெரியவர்களுக்கு, ஒன்பதுக்கு வாலிபர்களுக்கு. எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் அது தொண்டையில் இறங்கவில்லை. ஏனென்று அங்கே சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வரும்போது காடியில் முன்னால் அப்பா, பின்னால் மகன். அப்பா சொன்னார், "எனக்கு எதுக்கும்மா ரெண்டு ஆராதனை. நான் வீட்டுலேயே பெட்டியை வச்சுப் பாடிக்கிறேன்." மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஒன்னும் புரியல" என்றான். அவன் மலாய் வழித் தேசியப் பள்ளியில் படித்தவன். தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். அந்தப் பழி அவனைச் சேர்ந்ததல்ல, பள்ளியில் போட்ட என்னைச் சேர்ந்தது. திரையில் தமிழ்ப் பாட்டை அவர்களுக்காக ரோமன் எழுத்தில்தான் போடுகிறோம். அதில் குறில் நெடில் ஏது? போன வருடம் பிள்ளைகள் "பாலன்" வரும் இடமெல்லாம் "பலன்" என்றே பாடினார்கள். "பலன் பிறந்தாலும் நல்லதுதான்" என்றார் அதே பாட்டி.

இரண்டு ஆராதனை வைத்துப் பார்த்தவர்கள் இங்கே இருந்தால் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஐம்பதை நெருங்குகிறேன், பிறந்ததிலிருந்து சபையில் இருக்கிறேன். ஆராதனை என்பது என்ன? அப்பாவுக்குப் பிடித்தது அவருக்கு, மகனுக்குப் பிடித்தது அவனுக்கு என்று பங்கு வைத்துக் கொடுக்கிற சோறா அது?

---

தெலுக்இந்தான்_மாமா எழுதியது:

தங்கச்சி, முதல் கேள்விக்கு அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். நாங்கள் நாலு வருடம் இரண்டு ஆராதனை வைத்தோம். முதல் வருடம் எல்லாருக்கும் சந்தோஷம், சண்டை ஓய்ந்தது. இரண்டாம் வருடம் முதல் ஆராதனைக்கு வந்த பெரியவர்கள் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கோலாலம்பூரிலிருந்து வரும் பேரப்பிள்ளைகளை அவர்கள் கோயிலில் பார்க்கவே இல்லை. பிள்ளைகள் வரும்போது பாட்டிகள் தூங்கப் போயிருந்தார்கள். நாலாம் வருடம் முதல் ஆராதனையில் 23 பேர். நானே எண்ணினேன், காணிக்கை எண்ணுகிற வேலை என்னுடையது. அத்தோடு நிறுத்தினோம். ஆனால் பிரித்த சட்டியை ஒட்ட வைக்க இன்னும் மூன்று வருடம் பிடித்தது.

இரண்டாவது கேள்விக்கு நான் பாஸ்டர் இல்லை, ஓய்வு பெற்ற தமிழாசிரியன். அந்தக் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கொலோசெயர் 3:16ஐ நம் பழைய வேதாகமத்தில் எடுத்துப் பாருங்கள். "சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும்" என்று இருக்கும். மூன்று வகைப் பாட்டையும் பவுல் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நம் பக்கத்தில் கீர்த்தனை என்றால் ராகம் தாளத்தோடு தமிழில் பிறந்தது, ஞானப்பாட்டு என்றால் ஜெர்மன், ஆங்கில மெட்டில் மொழிபெயர்த்து வந்தது. நான் அதை நூறு தடவை வாசித்திருக்கிறேன், அடுத்த சொல்லைக் கவனித்ததில்லை: "ஒருவருக்கொருவர்." பாட்டு கர்த்தருக்கு, சரி. ஆனால் பக்கத்தில் நிற்கிறவனுக்குப் புத்தி சொல்லவும் அந்தப் பாட்டுதான். பக்கத்தில் நிற்க வேண்டியவனை ஒன்பது மணிக்கு அனுப்பிவிட்டு யாருக்குப் புத்தி சொல்வது? கூட்டத்தில் உங்கள் தொண்டையில் நின்றது இதுதான் என்று நினைக்கிறேன்.

பெரியவர்களுக்கும் ஒரு குட்டு வைத்துவிடுகிறேன், நானும் அந்தக் கூட்டம்தான். கீர்த்தனை ஏதோ வானத்திலிருந்து இறங்கியது போல நாம் பேசுகிறோம். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பாடிப் பாடிக் குவித்த காலத்தில் அது புதுச் சரக்கு. பின்னால் வந்த மிஷனரிகள் கோயிலுக்குள் தமிழ்ப் பாட்டு வேண்டாம், பண்டிகைக்குப் பூ வேண்டாம் என்று தடுத்தார்கள். சாஸ்திரியார் அதைக் கொடுமை என்றே எழுதினார். அதே மூச்சில், எல்லாச் சாதியாரையும் கலந்து உட்கார வைத்ததையும் கொடுமை என்றார். அந்த விஷயத்தில் மிஷனரிகள் பக்கம்தான் நியாயம். தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அதை மறைத்துவிட்டு அவர் புகழை மட்டும் பாட வாய் வராது. ஆனால் பாட்டு விஷயத்தில் அவர் அன்றைக்கு நின்ற இடத்தில்தான் இன்றைக்கு உங்கள் மகன் நிற்கிறான்.

புகை மிஷின் மட்டும் வேண்டாம். எனக்கு ஆஸ்துமா.

---

செராய்_பேத்தி எழுதியது:

வணக்கம் ஆன்ட்டி. எனக்கு 24 வயது. பாகான் செராய் பக்கம் பிறந்து இப்போது கோலாலம்பூரில் வேலை செய்கிறேன். உங்கள் மகன் சொன்னது அப்படியே என் வாய் வார்த்தை. "புரியல" என்று நாங்கள் சொன்னால் பெரியவர்கள் "பிடிக்கல" என்று கேட்டுக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றில்லை!

எங்களுக்கு யாராவது சொல்லித் தந்தார்களா? ஞாயிறு பள்ளியில் கைத்தட்டுப் பாட்டு. பதின்மூன்று வயதானதும் வாலிபர் கூட்டத்தில் ஆங்கிலப் பாட்டு. அப்புறம் திடீரென்று டிசம்பர் வந்ததும் "ஏன் கீர்த்தனை பாட மாட்டேன் என்கிறீர்கள்" என்று கோபம். பதினோரு மாதம் தண்ணீர் ஊற்றாத செடி பன்னிரண்டாம் மாதம் பூக்க வேண்டுமாம்.

2020இல் கோவிட் கட்டுப்பாட்டில் ஊருக்குப் போக முடியவில்லை. பாட்டி தனியாக இருந்தார். இரவில் வீடியோ கால் போடுவேன். பேச ஒன்றும் இருக்காது, "சாப்பிட்டியா, சாப்பிட்டேன்" இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு நாள் பாட்டி பாட ஆரம்பித்தார். எனக்குச் சொற்கள் தெரியாது. ஒரு வரி பாடச் சொல்லி நிறுத்துவேன், "மாட்டுக்கொட்டில் தெரியும் பாட்டி, முன்னணை என்றால் என்ன?" "மாடு தீனி தின்கிற தொட்டிடி. அதுலதான் பிள்ளையைப் படுக்க வச்சாங்க." அந்தச் சொல்லை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்டிருக்கிறேன், ஏதோ நகை என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாட்டி வீட்டுக்குப் பின்னால் அந்த மாதிரித் தொட்டி ஒன்று நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கிடந்தது, அதில் ஏறி விளையாடியிருக்கிறேன்.

அதனால் ஆன்ட்டி, ஐந்து கீர்த்தனை வேண்டாம். ஒன்று போதும். ஆனால் நவம்பரிலிருந்தே வாலிபர்களோடு தாத்தா உட்கார வேண்டும். பாட்டுக்கு முன்னால் ஒரு நிமிடம், "இந்தச் சொல்லுக்கு இது பொருள்" என்று யாராவது சொல்ல வேண்டும். அப்புறம் எங்கள் பாட்டிலும் ஒன்றைப் பெரியவர்கள் பாட வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, ப்ளீஸ். நாங்கள் பார்க்கிறோம்.

---

செம்பனைக்காடு எழுதியது:

மைக். மைக். மைக். எல்லாச் சபையிலும் பாதிச் சண்டை ராகத்தில் இல்லை, ஸ்பீக்கரில் இருக்கிறது. டிரம்ஸ் வாங்கக் காசு இருக்கிறது, சவுண்ட் பார்க்க ஆள் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே டிரம்ஸ் அடித்தால் பின் வரிசையில் இருக்கிற கிழவனுக்கு வேதமும் காதில் கேட்காது, மழையும் கேட்காது. கஹோன் போதும், மேலே உட்கார்ந்துகொண்டு கையால் தட்டுகிற மரப்பெட்டி. சொல்ல வந்தது இவ்வளவுதான்.

---

குளுவாங்_அங்கிள் எழுதியது:

நான் கத்தோலிக்கன். உங்கள் சபை வழக்கம் வேறு, எங்கள் பூசை வழக்கம் வேறு. ஆனாலும் இந்தக் கதை எங்கள் வீட்டிலும் நடந்தது.

எனக்கு 71 வயது. சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்த பையன். முழுக்க லத்தீன். சாமியார் பீடத்தைப் பார்த்து நிற்பார், நாங்கள் அவர் முதுகைப் பார்த்து நிற்போம். ஒரு சொல்லும் தெரியாமல் பதில் மட்டும் மனப்பாடமாகச் சொல்வேன். 1963 டிசம்பர் 4இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. மக்கள் மொழிக்குக் கதவு திறந்தது. எங்கள் தோட்டத்துக் கோயிலுக்குத் தமிழ்ப் பூசை வந்தபோது முதலில் முகம் சுளித்தது யார் தெரியுமா? என் பாட்டி. தமிழ் தவிர வேறு மொழி தெரியாத மனுஷி! "சந்தையிலே பேசுற பேச்சிலே பூசையா?" என்று கேட்டார். அடுத்த கிறிஸ்துமஸ் நடு இரவுப் பூசையில் நற்செய்தி வாசகத்தைக் கேட்டு முக்காட்டால் கண்ணைத் துடைத்தவரும் அவர்தான். ராத்திரி விழித்திருந்து கிடை காத்தவர்களுக்குத்தான் முதலில் சேதி வந்தது என்று லூக்காவில் வருமே, அது. என் தாத்தா தோட்டத்தில் ராத்திரி ஜாகா (காவல்) பார்த்தவர். "இது நம்ம ஆளுங்க கதையால்ல இருக்கு" என்றார் பாட்டி, வீட்டுக்கு நடந்து வரும் வழியில்.

ஒரு சேதி மட்டும் சேர்க்கிறேன், உங்கள் பெரியவர்களிடம் சொல்லலாம். "சைலண்ட் நைட்" என்றால் எல்லாருக்கும் மெழுகுவர்த்தியும் பயபக்தியும்தானே. 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவில் ஓபெர்ன்டோர்ஃப் என்ற ஊர்க் கோயிலில் அதை முதலில் பாடியபோது பக்கவாத்தியம் கிதார். உதவிப் பாதிரியார் மோர் பாட்டு எழுதினார், பள்ளி வாத்தியார் குரூபர் மெட்டுப் போட்டார். இன்றைக்கு நம் ஊரில் கிதாரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தால் நிமிர்ந்து பார்க்கிற ஆட்கள்தான் அந்தப் பாட்டுக்குக் கண்ணை மூடுகிறார்கள்.

---

சிப்புட்_கொயர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாளாக எழுத நேரமில்லை, காரணம் நீங்கள்தான்.

மாமா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஒருவருக்கொருவர்" வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் வேதாகமத்தில் தேடிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு அப்புறம் தானாகவே ஒரு கதை சொன்னார், நான் இதுவரை கேட்காத கதை. 1948இல் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் துரைமார் மூன்று பேர் சுடப்பட்டதோடுதான் மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் ஆரம்பித்தது. அது 1960 வரைக்கும் நீடித்தது. அப்பா சின்னப் பையனாக இருந்த வருடங்களில் ராத்திரி ஊரடங்கு, கேஸ் விளக்கைப் பிடித்துக்கொண்டு லயம் லயமாகக் கேரல் போக முடியாது. அதனால் பால் வெட்டு முடிந்து குளித்துவிட்டு, பட்டப்பகலில் நாலு மணிக்குப் போவார்களாம். இந்து வீடுகளில் முறுக்கும் தேத்தண்ணியும் தயாராக இருக்குமாம். "வெயில்ல நின்னு ராத்திரிப் பாட்டைப் பாடினோம். யாருக்கும் ஒன்னும் குறையலையே" என்றார். அப்படியானால் ஏன் இப்போது முறைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

புதன்கிழமை மகன் கஹோன் பெட்டியை அப்பா அறைக்குத் தூக்கிக்கொண்டு போனான். (செம்பனைக்காடு அண்ணன், உங்கள் மூன்று மைக்கும் வேலை செய்தது.) முதல் நாள் நாசம். அப்பா இரண்டு கட்டைச் சுருதியில் பாடுகிறார், வாலிபர்களுக்கு ஐந்து கட்டை வேண்டும். நடுவில் நாலு கட்டையில் வைத்துப் பார்த்தால் அப்பாவுக்கு மேல் ஸ்தாயியில் குரல் உடைகிறது, பையன்களுக்குக் கீழே முனகலாக இருக்கிறது. மூன்றில் நின்றோம், இரண்டு தரப்புக்கும் அரைத் திருப்தி. அதுவும் போக, அப்பாவின் ஆர்மோனியப் பெட்டி கீபோர்டோடு சேரவில்லை. பழைய பெட்டி, சுருதி கொஞ்சம் தூக்கல். கீபோர்டில் நூல் நூலாகச் சுருதியை ஏற்றுகிற பட்டன் இருக்கிறது என்று கண்டுபிடித்தது என் மகன். ஆதி தாளத்துப் பாட்டு அவனுக்கு உடனே வந்துவிட்டது, எட்டு எண்ணினால் அவன் அடிக்கிற நாலு இரண்டு தடவை. அப்பாவுக்குப் பிடித்த இன்னொன்று ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது. மிஸ்ர சாப்பு என்ற பெயரே அப்பாவுக்குத் தெரியாது, கை தானாகத் தட்டும். மூன்று நாள் அதில் விழுந்து எழுந்து, நேற்று இரவு பதினோரு மணிக்கு "அம்மா, இது செம லா" என்று வந்து நிற்கிறான்.

கமிட்டியில் பேசிவிட்டேன். ஒரே ஆராதனை, ஏழரைக்கு. கீர்த்தனை இரண்டு, ஆங்கிலம் இரண்டு, மலாய் ஒன்று. சரவாக்கிலிருந்து வந்து இங்கே பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர்கள் மூன்று பேர் அந்த மலாய்ப் பாட்டை நடத்துகிறார்கள். எட்டு வருடமாக நம் தமிழ்ப் பாட்டைப் புரியாமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், அவர்களை நாங்கள் யாருமே கணக்கில் எடுத்ததில்லை. செராய் பேத்தி சொன்னபடி ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நிமிட விளக்கம். முன்னணையைப் பற்றி, மூச்சு முட்டாதா என்று கேட்ட எங்கள் பாட்டியே பேசுகிறாராம், வீட்டில் மாடு வளர்த்தவர். திரையில் தமிழ் எழுத்தும் ரோமன் எழுத்தும் மேலும் கீழும் வரும், "பாலன்" இருக்கும் இடத்தில் ரோமனில் a இரண்டு போட்டுவிட்டேன்.

பொருளாளருக்கு மனசில்லை. இரண்டு குடும்பம் இந்த வருடம் ஈப்போவில் வேறு சபைக்குப் போகப் போவதாகக் கேள்வி. புகை மிஷினுக்குத் தோற்ற கோபம் இன்னும் இரண்டு பையன்களுக்கு இருக்கிறது. நாலு மணிக் கேரல் பழையபடி போகலாமா என்று அப்பா கேட்கிறார், லோரி தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு உதவி. ஆர்மோனியப் பெட்டியின் துருத்தியில் காற்று கசிகிறது, நீளமாகப் பாடினால் அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறதா பெட்டிக்கு வாங்குகிறதா என்று தெரியவில்லை. பேராக்கில் ஆர்மோனியம் பழுது பார்க்கிறவர் யாராவது இருக்கிறார்களா?

---

தெலுக்இந்தான்_மாமா எழுதியது:

கடைக்குக் கொண்டுபோக வேண்டாம் தங்கச்சி. மடிப்பு ஓரத்தில்தான் தோல் விட்டிருக்கும், எங்கள் பெட்டிக்கு நானே ஒட்டினேன். ஆட்டுத் தோல் துண்டு கொஞ்சம் மீதி இருக்கிறது. வியாழக்கிழமை கோலா கங்சார் பக்கம் வருகிறேன், மத்தியானம் உங்கள் ஊரில் இறங்குகிறேன். கோந்து காய ஒரு ராத்திரி வேண்டும், அதுவரை அப்பாவைப் பெட்டியைத் தொட விடாதீர்கள்.